மூடி வேண்டுதல் தொடர்பாக

சமையல் எண்ணெய்ப் பாதுகாப்பு வாரியத்தின் கட்டடத்துக்கு ஐந்து மாடிகள், ஒரு கீழ்த்தளம். ஐந்து மாடிகளிலும் பாதுகாப்பு இருந்தது. எண்ணெய் மட்டும் கீழ்த்தளத்தில் இருந்தது.

ஊரிலுள்ள ஓட்டல், விடுதி, ஆலை என்று எந்தச் சமையலறையானாலும் எண்ணெய் எவ்வளவு காயலாம், ஒரே எண்ணெயில் எத்தனை முறை பொரிக்கலாம், ஆறிய எண்ணெயை எந்தத் தகரத்தில் ஊற்றி அனுப்பலாம் என்பதையெல்லாம் முடிவு செய்வது இந்த வாரியம்தான். இருநூறு பேர் வேலை பார்த்தார்கள். அந்த இருநூறு பேரில் காய்ந்த எண்ணெயைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் ஒருவரும் இல்லை. பார்க்கக் கூடாது என்பது விதி. ஆபத்து அல்லவா?

அதைப் பார்த்துக்கொண்டே பதினெட்டு வருடம் நின்றவர் கீழ்த்தளச் சமையலறையின் மாஸ்டர். அவருக்கு வேறு பெயர் இருந்ததா என்று யாரும் கேட்டதில்லை. வாரியத்தின் பதிவேட்டில் அவர் ஊழியர்கூட இல்லை. ‘கட்டட வசதிகள்’ என்ற தலைப்பின் கீழே லிஃப்டுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் இருந்தார்.

தினமும் பகல் ஒரு மணிக்குள் இருநூறு பேருக்கும் உருளைக்கிழங்கு வறுவலும் மீனும் மேலே போயாக வேண்டும். மாஸ்டர் கிழங்கை நீளவாக்கில் நறுக்கி, அலசி, துணியில் பரப்பி, பச்சைக் குழந்தையைத் துவட்டுவதுபோல ஈரம் போகத் துவட்டிவிட்டுத்தான் எண்ணெய்க்கே காட்டுவார். சட்டி இரண்டரை அடி அகலம். அதற்குக் கனமான இரும்பு மூடி ஒன்று இருந்தது. எண்ணெய் தீப்பற்றினால் அடுப்பை நிறுத்து, மூடியைப் போடு, ஆறும்வரை திறக்காதே. தண்ணீரை அந்தப் பக்கமே கொண்டுவராதே. மொத்த வித்தையும் இவ்வளவுதான். இதைச் சொல்ல வாரியத்துக்கு நானூறு பக்கக் கையேடு தேவைப்பட்டது. அதிலும் மூடி முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்தான் தலைகாட்டும்.

எட்டு மாதத்துக்கு முன்னால், பாதுகாப்பு வாரக் கொண்டாட்டத்தின்போது, இரண்டாம் மாடிச் சோதனைப் பிரிவிலிருந்து இரண்டு பேர் வந்து அந்த மூடியை மாதிரிக்கு என்று எடுத்துப்போனார்கள். மாஸ்டர் நடையாய் நடந்து மூன்று மாதம் கழித்து ஒரு சான்றிதழ் வாங்கினார். மூடி எல்லாச் சோதனைகளிலும் முதல் தரத்தில் தேறியிருந்தது. கடைசிச் சோதனை, எத்தனை டிகிரியில் உருகுகிறது என்று பார்ப்பது. அதிலும் தேறியிருந்தது. ஆகவே சான்றிதழ் இருந்தது, மூடி இல்லை.

கடையில் ஒன்று வாங்கிப் போட்டால் தீர்ந்தது என்று நீங்கள் நினைப்பீர்கள். மாஸ்டரும் நினைத்தார். ஆனால் எண்ணெயைத் தொடுகிற எந்தச் சாமானிலும் வாரியத்தின் முத்திரை இருக்க வேண்டும். ஒருமுறை வீட்டிலிருந்து கொண்டுவந்த ஜல்லிக் கரண்டியை முத்திரை இல்லை என்று பறிமுதல் செய்து, இன்னொரு தடவை நடந்தால் வேலை போய்விடும் என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள்.

போன மாதம் அந்த நாள் வந்தது. எண்ணெய் புகைந்து, புகை தீயாகி, தீ புகைபோக்கியை நக்கியது. மாஸ்டர் கேஸைத் திருகி நிறுத்திவிட்டு, கைக்குக் கிடைத்த இரண்டு தட்டங்களை வைத்து எப்படியோ மூடி அணைத்தார். தட்டங்கள் சின்னவை. நடுவில் இருந்த இடைவெளி வழியாகத் தீ அவருடைய வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை வந்துபோனது.

அவர் மனைவி தையல் கடையில் வேலை பார்ப்பவள். கட்டுப் பிரித்து மருந்து போடும்போது அவள் அழவில்லை, கத்தவில்லை.

“சண்டை போட எனக்குத் தெம்பு இல்லைங்க,” என்றாள். “மூடியை வாங்கிட்டு அடுப்புகிட்ட போங்க. இல்லைனா வேலையை விட்டுட்டு வீட்டுக்கு வாங்க. மாசக் கடைசிக்குள்ள எதுன்னு சொல்லிடுங்க.”

மாஸ்டருக்கு நாற்பத்தொன்பது வயது. பொரிப்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. அவருக்குப் பயமாக இருந்தது. எண்ணெயை நினைத்துக்கூட இல்லை. வேலையை விட்டுவிட்டுக் காலையில் ஆறு மணிக்கு எழுந்து என்ன செய்வது என்பதை நினைத்து.

அதே சமையலறையில் பாத்திரம் தேய்ப்பவன் அவர் மச்சான், மனைவியின் தம்பி. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். இருவரும் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினார்கள். பொருள் என்ற இடத்தில் நான்கு சொற்களுக்கு மேல் கூடாது என்பதால் மச்சான் யோசித்து யோசித்து எழுதினான்: ‘சமையலறை மூடி வேண்டுதல் தொடர்பாக.’ விவரம் என்ற இடத்தில், ‘மேற்படி விஷயம் மிக அவசரம், உயிருக்கு ஆபத்து’ என்று எழுதினான். எழுதிவிட்டு அவனே ஒருமுறை படித்துப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டான்.

கையால் எழுதியதை வாரியம் படிக்காது. முதல் மாடியில் கொடுத்து டைப் அடிக்க வேண்டும். அங்கே டைப் அடித்தவர் எந்த யோசனையில் இருந்தாரோ, டகரத்தின் தலையில் விழவேண்டிய கொக்கி விழவில்லை. ‘சமையலறை மூட வேண்டுதல் தொடர்பாக’ என்று விண்ணப்பம் மாடி ஏறிப்போனது.

மறுநாளே மூன்றாம் மாடியிலிருந்து மூடல் அலுவலர் இறங்கி வந்தார். விதிமீறிய சமையலறைகளை இழுத்து மூடுவது அவருடைய பிரிவின் வேலை. பதினொரு வருடமாக அவர் மூடப்போன இடத்திலெல்லாம் வசவுதான் கிடைத்திருக்கிறது. ஒரு விடுதியில் மேலே மாவைக் கொட்டியும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட மனிதர் மாஸ்டரின் கட்டுப் போடாத கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே நின்றார். கண் கலங்கியிருந்தது.

“என் சர்வீஸ்ல தன் சமையலறையைத் தானே மூடச் சொன்ன முதல் ஆள் நீங்கதான் மாஸ்டர். உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா நாட்டுல சமையலறையே இருக்காது.”

மாஸ்டர் திருதிருவென்று விழித்தார். தான் கேட்டது மூடி என்றார். சட்டிக்குப் போடுகிற மூடி. கையால் வட்டம் போட்டுக் காட்டினார். மூடல் அலுவலர் பையிலிருந்து கலைச்சொல் அகராதியை எடுத்துக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். மூடி என்று ஒரு சொல்லே அதில் இல்லை. வாரியம் அதை ‘மேற்பரப்புக் காற்றுத்தடைத் தகடு’ என்று மாற்றி ஆறு வருடமாகிறதாம். தகடு வேண்டுமென்றால் தனி விண்ணப்பம். ஆனால் மூடச் சொல்லி விண்ணப்பித்த சமையலறையிலிருந்து இன்னொரு விண்ணப்பம் வாங்க முடியாது. மூடப்போகிற இடத்துக்கு எதற்குத் தகடு?

அப்படியானால் மூடச் சொன்ன விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றார் மாஸ்டர். தாராளமாக வாங்கலாம், சமையலறை ஆபத்தில்லாதது என்று நிரூபித்தால் போதும். நிரூபிக்க என்ன வேண்டும்? முதலாவதாகச் சட்டிக்கு ஒரு தகடு இருக்க வேண்டும்.

மச்சான் குழாயை நிறுத்திவிட்டு வந்து, ஒரு எழுத்துத்தான் தப்பாப் போச்சு சார் என்று தன் கைப்பிரதியை நீட்டினான். மூடல் அலுவலர் அதைத் தொடவில்லை. டைப் அடித்ததுதான் மூலம், கையால் எழுதியது நகல் என்று விளக்கினார். மூலம் எழுதியவன் நான்தானே என்றான் மச்சான். அதற்கு அவர், “எழுதினவங்க சொல்றதையெல்லாம் கேட்டா கோப்பு நகருமா தம்பி?” என்று அன்போடு கேட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு கீழ்த்தளத்துக்கு ஆள் வந்த வண்ணம் இருந்தது. ஒருவர் எண்ணெயின் நிறத்தைப் பார்க்க அட்டையோடு வந்தார். அட்டையில் நாற்பது மஞ்சள். அவருக்கு இருபத்து மூன்றுக்கும் இருபத்து நான்குக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு பேரிடம் கேட்டுவிட்டு இருபத்து மூன்றரை என்று எழுதினார். இன்னொருவர் சூடு பார்க்கும் கருவியோடு வந்து, அடுப்பை அணைத்து இரண்டு மணி நேரம் ஆறவிட்ட பிறகுதான் கருவியை எண்ணெயில் விட்டார். சூடாக இருக்கும்போது விடுவது ஆபத்து என்று கையேட்டில் இருக்கிறதாம். எண்ணெய் அனுமதிக்கப்பட்ட சூட்டைவிட மிகக் குறைவாக இருக்கிறது, இதில் எதுவும் வேகாது என்று அறிக்கை கொடுத்துவிட்டு, ஒரு தட்டு வறுவல் சாப்பிட்டுவிட்டுப் போனார். ஒவ்வொருவரும் மாஸ்டரின் கையில் இருந்த கட்டைப் பார்த்தார்கள். எப்படி ஆச்சு என்று ஒருவரும் கேட்கவில்லை. அதற்கு ஒரு பிரிவு இருந்திருந்தால் கேட்டிருப்பார்கள்.

மாதம் முடியப் பதினொரு நாள் இருக்கும்போது ஐந்தாம் மாடியில் விசாரணை வைத்தார்கள். மாஸ்டர் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு போனார். எதிரே வாரியத் தலைவர், ஒரு பக்கம் மூடல் அலுவலர், மறுபக்கம் தூய்மை அலுவலர் அம்மா. தலைவர் பேச ஆரம்பித்தார். அவருக்குப் பேச வரும், நிறுத்தத்தான் வராது.

“வெளிப்படையாச் சொல்றேன். இந்த வாரியத்துல எதையும் மூடி மறைக்கற பழக்கம் கிடையாது. முப்பது வருஷமா இந்த ஐந்தாம் மாடியில ஒரு எண்ணெய் விபத்துகூட நடந்ததில்லை. எப்படி முடிஞ்சது? கட்டுப்பாடு. தீ பிடிக்கக் கூடாதுன்னு நாங்க சொல்லல. முன்கூட்டியே தெரிவிக்காம பிடிக்கக் கூடாதுன்னுதான் சொல்றோம். உயிர் முக்கியம். ஆனா உயிர் இன்னைக்கு இருக்கும், நாளைக்குப் போகும். கோப்பு அப்படியா?”

மாஸ்டர் எழுந்து, ஐயா எனக்கு ஒரு மூடி வேணும், அவ்வளவுதான் என்றார். மூட வேணும்னு விண்ணப்பதாரரே வாய்மொழியாகவும் உறுதி செய்தார் என்று மூடல் அலுவலர் குறித்துக்கொண்டார். மாஸ்டர் மறுபடி வாயைத் திறப்பதற்குள் மணி பன்னிரண்டே கால் ஆகிவிட்டது. விசாரணைக்கு இடைவேளை விட்டார்கள், சாப்பாட்டுக்காக. சாப்பாடு செய்ய மாஸ்டர் கீழே ஓடினார். இருநூறு பேருக்குப் பொரித்து அனுப்பிவிட்டு, முகம் கழுவிக்கொண்டு மேலே மூச்சிரைக்க வந்தபோது தீர்ப்பு எழுதி முடித்திருந்தார்கள். சமையலறையை மாதத்தின் கடைசி நாளில் மூடுவது. விண்ணப்பதாரரின் உயிரைக் கருதி.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டுவிட்டு, “அப்ப வேலையை விட்டுட்டு வர்றதுன்னு முடிவாயிடுச்சு,” என்றாள். பிறகு நூலைத் தவறவிட்டாள். அவள் கேட்டதுதான் நடந்தது, அதில் அவளுக்குச் சந்தோஷம் இல்லை.

கடைசி நாள் காலை பதினொரு மணிக்கு எல்லோரும் கீழ்த்தளத்துக்கு இறங்கினார்கள். தலைவர், இரண்டு அலுவலர்கள், போட்டோ எடுக்க ஒருவர். தானே மூடிக்கொண்ட முதல் சமையலறை என்பதால் மூடல் அலுவலர் வாசலில் மாட்டும் மூடல் பலகையை மரத்தில் செய்ய மனம் வராமல், தடித்த எவர்சில்வர் தகட்டில் செய்யச் சொல்லியிருந்தார். ‘இது மூடப்பட்டது’ என்று நடுவில் பொறித்து, கீழே வாரியத்தின் முத்திரை, அதற்கும் கீழே தலைவரின் பெயரும் பட்டங்களும். பட்டங்கள் ஒன்பது இருந்ததால் பலகை மூன்றடிக்கு மூன்றடி ஆகிவிட்டது. சங்கிலி மாட்ட இரண்டு பக்கமும் கனத்த வளையங்கள். இரண்டு பேர் தூக்கிவந்து சுவரில் சாய்த்தார்கள்.

மூடுவதற்கு முன் கடைசியாக ஒருமுறை பொரிப்பதைப் படம் எடுக்க வேண்டும் என்று தலைவர் ஆசைப்பட்டார். மாஸ்டர் எண்ணெயைக் காயவைத்தார். துவட்டிய கிழங்கு கூடையில் தயாராக இருந்தது. கூடையைக் கையில் எடுத்தபோது தூய்மை அலுவலர் அம்மா தடுத்தார். கழுவியதற்கு என்ன அத்தாட்சி? கழுவுவது படத்தில் வர வேண்டாமா? குழாயைத் திறந்து கூடையை அப்படியே நனைத்தார்.

“அம்மா, ஈரத்தோட போட்டா பொங்கிடும்,” என்றார் மாஸ்டர்.

“சுத்தம்னா உங்களுக்கு ஏன் இப்படிக் கசக்குது?” என்று கேட்டுவிட்டு, அந்த அம்மா தண்ணீர் சொட்டச் சொட்டக் கூடையைச் சட்டியில் கவிழ்த்தார். பதினெட்டு வருடத்தில் வாரிய அதிகாரி ஒருவர் காய்ந்த எண்ணெயை இவ்வளவு நெருங்கியது அதுதான் முதல் தடவை.

எண்ணெய் இரைந்தது. நுரைத்து எழும்பி, விளிம்பைத் தாண்டி வழிந்து, அடுப்பின் தீயைத் தொட்டது. அடுத்த நொடி சட்டி முழுக்கத் தீ. தூய்மை அலுவலர் அம்மாவை மச்சான் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்ததால் புடவைத் தலைப்பு கருகியதோடு தப்பித்தார். தலைவர் பிடரியில் கால்பட மாடிப்படிக்கு ஓடினார். போட்டோக்காரர் மேஜைக்கு அடியில் போனார். மூடல் அலுவலர் மட்டும் நின்றார், கடமை உணர்ச்சியோடு, கையில் ஒரு வாளித் தண்ணீரோடு.

மாஸ்டர் வாழ்க்கையில் மேலதிகாரி யாரையும் அதட்டியதில்லை. அன்றைக்கு அதட்டினார்.

“தண்ணியைக் கீழ வைய்யா.”

வாளி கீழே இறங்கியது. மாஸ்டர் குனிந்து போய்க் கேஸைத் திருகி நிறுத்தினார். கை தானாகப் பின்னால் துழாவியது. அங்கே மூடி இல்லை என்று கைக்கு எட்டு மாதமாகியும் தெரியவில்லை. கண் சுற்றிலும் ஓடிச் சுவரில் சாய்ந்திருந்த பலகையில் நின்றது. “மச்சான், அதைப் பிடி,” என்றார். இருவரும் ஆளுக்கொரு வளையத்தைத் துணியால் பிடித்துத் தூக்கி, தங்கள் முகத்துக்குக் கேடயம்போல் முன்னால் சாய்த்துக் கொண்டுபோய், இந்தப் பக்கத்து விளிம்பிலிருந்து அந்தப் பக்கமாக நகர்த்திச் சட்டியின் மேல் படுக்கவைத்தார்கள். தீ ஓரங்களில் இரண்டு தடவை எட்டிப் பார்த்தது. பிறகு இல்லை.

சட்டியின் மேல் எல்லோரும் படிக்கும்படி எழுதியிருந்தது: இது மூடப்பட்டது.

தலைவர் திரும்பி வந்ததும் பலகையைத் தூக்கி உள்ளே என்ன ஆயிற்று என்று பார்க்க ஆசைப்பட்டார். ஆறுகிறவரைக்கும் திறக்கக் கூடாது என்று மாஸ்டர் குறுக்கே நின்றார். ஒன்றே முக்கால் மணி நேரம் நின்றார். அந்த நேரத்தில் மூடல் அலுவலர் அறிக்கையை எழுதி முடித்தார். விண்ணப்பம்: மூட வேண்டும். நடவடிக்கை: மூடப்பட்டது. பலகை நிறுவிய இடம்: சட்டியின் மேல். தீயைப் பற்றிக் குறிப்பிட இடம் இல்லாததால் குறிப்பிடவில்லை. நிறுவிய பலகையை அந்தச் சமையலறையை விட்டு வெளியே எடுத்துப்போகிறவருக்குச் சிறைத் தண்டனை என்ற விதியை மாஸ்டருக்கு வாசித்துக் காட்டிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே போனார்.

மறுநாள் மாஸ்டர் தன் கரண்டிகளை மூட்டை கட்டிக்கொண்டு போகலாம் என்று வந்தார். பகல் ஒன்று ஐந்துக்கு ஐந்தாம் மாடியிலிருந்து போன் வந்தது. சாப்பாடு எங்கே என்று கேட்டார்கள். நேத்து மூடிட்டீங்களே சார் என்றார்.

“அது தெரியும்பா. சாப்பாடு எங்க?”

மாஸ்டர் போனை வைத்துவிட்டுச் சட்டியையும் அதன் மேலிருந்த பலகையையும் பார்த்தார். தடித்த தகடு. கைக்கு வாகாக வளையங்கள். வாரியத்தின் முத்திரை. பறிமுதல் செய்யலாம் என்று எவனாவது வந்தால் வந்தவன்தான் உள்ளே போவான். அவருக்கு முதலில் புரியவில்லை, பிறகு மெல்லப் புரிந்தது, புரிந்ததும் பாத்திரம் தேய்க்கும் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார். மச்சான் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தான்.

அன்று மாலை மனைவியைக் கூட்டிவந்து காட்டினார். அவள் பலகையைச் சட்டியின் மேல் நாலு பக்கமும் தள்ளிப் பார்த்தாள், இடைவெளி இருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்த்தாள். எழுத்தைப் படிக்கவில்லை. “சரி, நாளைக்கு வேலைக்குப் போங்க,” என்றாள்.

மாஸ்டர் ரகசியம் காக்கத் தெரியாதவர். மீன் வாங்கப் போன இடத்தில் ஒரு விடுதிச் சமையல்காரரிடம் சொன்னார். அந்த ஆளும் மூன்று வருடமாக மூடிக்கு விண்ணப்பம் போட்டுப் போட்டுச் சலித்தவர். அவர் இன்னொருவரிடம் சொன்னார். அடுத்த வாரம் மூன்றாம் மாடியில் ஊரிலுள்ள சமையல்காரர்கள் வரிசையில் நின்றார்கள். எல்லோர் கையிலும் ஒரே விண்ணப்பம்: சமையலறை மூட வேண்டுதல் தொடர்பாக. சட்டியின் அகலத்தை ஓரத்தில் பென்சிலால் குறித்திருந்தார்கள். தலைவரின் பட்டங்களைப் பெரிதாகவோ சிறிதாகவோ பொறித்து அளவுக்குத் தக்கபடி பலகை செய்து கொடுத்தார்கள்.

அந்த வருடம் ஊரில் இருந்த நானூற்றுப் பதினேழு சமையலறைகளும் மூடப்பட்டன. எல்லாவற்றிலும் முன்னைவிட நன்றாகப் பொரிந்தது. ஓர் ஆளின் கைகூடக் கருகவில்லை. இதற்காக வாரியத்துக்குப் பாராட்டு விழா நடந்தது. தலைவர் பேசினார். முப்பது வருட உழைப்பு என்றார். ஒவ்வொரு சமையலறையையும் மூடுவதே பாதுகாப்பின் உச்சம் என்பதை உலகுக்குக் காட்டிவிட்டோம் என்றார். ஒன்றரை மணி நேரம் என்றார்.

விழா முடிந்து எல்லோரும் தட்டோடு நின்றார்கள். மாஸ்டர் பரிமாறிக்கொண்டு வந்தார். தலைவர் சூடான வறுவல் ஒன்றைக் கடித்தார். மொறுமொறுவென்று இருந்தது. இன்னொன்றைக் கடித்தார். அப்போதுதான் அவருக்கு முப்பது வருடத்தில் முதல் தடவையாக ஒரு சந்தேகம் வந்தது.

“ஏம்பா, ஊர்ல ஒரு சமையலறை பாக்கியில்லாம மூடியாச்சு. உன்னோடதும் மூடித்தானே இருக்கு?”

மாஸ்டர் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் வைத்தார்.

“ஆமாங்கய்யா,” என்றார். “மூடிதான் இருக்கு.”